மூக்கு யாருக்காக? ஜாக் ஜோசப்பின் கதை

மூக்கை மாத்தப் போறன் எண்டு ஒராள் சொன்னால், "உனக்கென்ன விசரா, வடிவாத்தானே இருக்கு" எண்டுதான் எங்கட சனம் சொல்லும். 1890களின் பேர்லினிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜாக் ஜோசப் என்ற யூத வைத்தியர் 1896இல் ஒரு சிறுவனின் விரிந்த காதுகளைச் சரிசெய்தார். நோயில்லாத உடம்பில் கத்தி வைத்தார் என்று அவருக்கு வேலை போனது.

அந்தச் செய்தி அறிந்து 1898இல் ஓர் இளம் நிலச்சொந்தக்காரர் வந்தார். பெரிய மூக்கு, சனம் கூடுகிற இடமென்றாலே கூசி ஒதுங்குகிற ஆள். ஜோசப் அவசரப்படவில்லை. முதலில் பிணமொன்றில் செய்து பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் செய்தார். பிறகு மருத்துவச் சங்கத்தில் வாதாடினார்: இந்த மனவேதனையும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

சரிதான். ஆனால் அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியக் கேலிச்சித்திரக்காரர் யூதரை வளைந்த பெரிய மூக்கோடுதான் வரைந்தார்கள். கத்திக்குப் போகமுதல் கண்ணாடியை மட்டும் பார்த்தால் காணாது, சிரிக்கிறவன் ஆரெண்டும் பார்க்கவேணும். (ஜோசப்பே யாக்கோப் என்ற தன் பெயரை ஜாக் என்று மாற்றியவர்.)

முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு மூக்குக் கட்டிக்கொடுத்ததும் இதே கைதான். அப்ப ஒருத்தரும் வீண் வேலை எண்டு சொல்லேல்லை.

1933இல் நாசிகள் யூதரை அரச வேலைகளிலிருந்து நீக்கியபோது மூக்கை அளக்கவில்லை. பாட்டன் பாட்டி ஆரெண்டுதான் கேட்டார்கள். ஜோசப் அடுத்த வருடம் பேர்லினில் காலமானார்.