ரிப்பன் தறியும் சேலைக் கரையும்: ஒடுங்கிய நெசவின் பொறிமுறை வரலாறு

முன்னுரை

இலங்கையின் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். கற்பிட்டியிலிருந்து படகில் சென்றடையும் மீனவக் குடியிருப்பான உச்சமுனையை ஒட்டிய நீர்ப்பரப்பு இன்றும் வரைபடங்களில் டச்சுக் குடா என்றே குறிக்கப்படுகிறது. கோட்டைக்கு அத்திவாரம் போட்ட அதே 1667இல், எமானுவேல் ஹோஃப்மன் என்ற வணிகர் ஒல்லாந்திலிருந்து ஒரு தறியைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கொண்டுபோனார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல ரிப்பன்களை நெய்யக்கூடிய தறி அது.

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் அந்தத் தறியை இந்தக் கரைக்கு ஏற்றி வரவில்லை. சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் கம்பனிக்கு வேண்டியிருந்தது கையால் நெய்த துணி. நெய்யும் பொறி அல்ல. தறிப் பொறிமுறையில் ஐரோப்பா கண்ட மாற்றம் தமிழ் நெசவாளரின் குழித்தறியைத் தொட ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அப்போதும் அது ஒல்லாந்து வழியாக வரவில்லை. பாசல் வழியாக வந்தது.

ரிப்பன் தறியின் பொறிமுறை வளர்ச்சியை இக்கட்டுரை காலவரிசையில் தொடர்கிறது. கூடவே ஒரு முரணையும் விளக்க முயல்கிறது. ஐரோப்பிய நெசவில் முதலில் பொறிக்கு ஆட்பட்டது ஒடுங்கிய துணி. தமிழ் நெசவிலோ, துணியின் ஒடுங்கிய பகுதியான கரைதான் கடைசிவரை கையை விட்டு அகலவில்லை.

1. ஒரு சட்டம், பல ரிப்பன்கள்

பழைய கைத்தறியில் ஒரு நெசவாளர் ஒரு நேரத்தில் ஒரு ரிப்பனைத்தான் நெய்ய முடிந்தது. அகலம் விரற்கடையளவே என்றாலும் மிதிபலகையை மிதிப்பது, குறுக்கு நூலான ஊடையைச் சுமக்கும் நாடாவை எறிவது, அச்சை அடிப்பது என்று வேலை முழுத்துணிக்கு உரியதே. உழைப்புக்கும் விளைவுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வே பொறியைத் தேடவைத்தது.

தறியின் பிறப்பைப் பற்றி இருவேறு செய்திகள் உள்ளன. வெனிஸில் 1636இல் வெளியான நூலில் லான்செலோட்டி என்ற துறவி, டான்சிக் நகரில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு முதல் ஆறு ரிப்பன்களை ஒன்றாக நெய்யும் தறி இருந்ததாகவும், பலர் பிழைப்பிழப்பார்கள் என்று அஞ்சிய நகரசபை அதை ஒடுக்கி, செய்தவரை மறைவாகக் கொன்றதாகவும் எழுதினார். இதைக் கதையாகவே கொள்ள வேண்டும். உறுதியான ஆவணம் 1604ஐச் சேர்ந்தது. ஒல்லாந்தின் லெய்டனைச் சேர்ந்த வில்லெம் டிர்க்ஸோன் வான் சொன்னவெல்ட் அந்த ஆண்டில் இத்தகைய தறிக்கு உரிமம் பெற்றார்.

தறியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓர் அகன்ற சட்டத்தில் ஒவ்வொரு ரிப்பனுக்கும் தனிப் பாவு (நீளவாட்டு நூல்கள்) பூட்டப்பட்டிருக்கும். எல்லாப் பாவுகளுக்கும் பொதுவாக ஒரே அச்சுப்பலகை. அதில் ரிப்பனுக்கு ஒன்றாக நாடாக்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பலகையோடு இணைந்த ஒரு தடி வலமும் இடமும் நகரும்போது அதன் முளைகள் எல்லா நாடாக்களையும் ஒருசேரத் தள்ளும். நாடா ரிப்பனின் அகலத்தைவிட நீளமானது. ஆகவே பாவின் ஒரு பக்கத்தைவிட்டு முற்றாக வெளியேறுமுன்பே மறுபக்கப் பிடிப்புக்குள் அதன் தலை நுழைந்துவிடும். எந்தக் கணத்திலும் நாடா பிடியற்று ஓடுவதில்லை.

இந்தப் பிடிப்பே முக்கியமானது. அகன்ற துணியில் நாடாவை வீச வேண்டும். வீச்சுக்குக் கையின் அளவறிதல் வேண்டும். ஒடுங்கிய துணியில் நாடாவைத் தள்ளினாலே போதும்; தள்ளுவதற்குத் திறமை வேண்டியதில்லை. பயிற்சியில்லாத சிறுவனே ஒரு தடியை முன்னும் பின்னும் அசைத்துத் தறி முழுவதையும் ஓட்டலாம் என்று பின்னாளில் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் இத்தறியைப் பற்றி எழுதியது இதனால்தான். மேம்பட்ட வடிவில் அது 40 முதல் 50 ரிப்பன்களை ஒரே நேரத்தில் நெய்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

2. தடையும் அனுமதியும்

நெசவாளர் சங்கங்கள் தறியை எதிர்த்தன. ஒல்லாந்தின் ஆட்சிமன்றம் 1623இலும் 1639இலும் அதன் பயன்பாட்டுக்கு வரம்பு கட்டி, 1661இல் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. இங்கிலாந்தில் முதலாம் சார்ள்ஸ் 1638இல் தடை பிறப்பித்தார். இலண்டன் நெசவாளர்கள் 1675இல் தறிகளை வீதியில் இட்டு எரித்தார்கள். கொலோன் நகரம் 1676இல் தடுத்தது. 1685இல் ஜெர்மானியப் பேரரசு முழுவதற்கும் தடையாணை வந்தது.

பாசல் நகரம் வேறு வழியில் போனது. அங்கும் சங்கங்கள் முறையிட்டன. ஆனால் நகரசபை வணிகர் பக்கம் நின்றது. தறி வணிகருக்குச் சொந்தம். அதைச் சுற்றுப்புறக் கிராமங்களில் உழவர் வீட்டு முன்னறையில் பூட்டிவிடுவார்கள். பட்டுநூல் நகரத்திலிருந்து வண்டியில் போகும். நெய்த ரிப்பன் அதே வண்டியில் திரும்பும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய தறிகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. லூக்காஸ் சரசின், யாக்கோப் சரசின் என்ற ரிப்பன் வணிகச் சகோதரர்கள் ரைன் ஆற்றங்கரையில் எழுப்பிய நீல மாளிகையும் வெள்ளை மாளிகையும் அந்தச் செல்வத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றன.

3. கையிலிருந்து சக்கரத்துக்கு

அடுத்த கேள்வி, தறியின் எல்லா அசைவுகளையும் ஒரே சுழற்சியிலிருந்து பெற முடியுமா என்பது. கயிற்றை இழுத்தால் பாவின் முழு அகலத்தையும் ஒரே வீச்சில் கடக்கும் பறக்கும் நாடாவுக்கு 1733இல் உரிமம் பெற்ற ஜோன் கே, 1745இல் ஜோசப் ஸ்டெல்லுடன் சேர்ந்து ரிப்பன் தறிக்கும் உரிமம் பெற்றார். மிதிபலகைகளின் வேலையைச் சுழலும் உறுப்புகளிடம் ஒப்படைப்பதும், தறியை நீர்ச்சக்கரத்தால் ஓட்டுவதும் அதன் நோக்கங்கள். எட்மண்ட் கார்ட்ரைட்டின் 1785 விசைத்தறிக்கு நாற்பது ஆண்டுகள் முந்திய முயற்சி இது.

நாடாவைத் தள்ளும் முளைகளின் இடத்தைப் பின்னர் பற்சட்டமும் பற்சில்லும் பிடித்தன. சில்லு சுழன்றால் நாடாவின் முதுகிலுள்ள பற்கள் அதில் கவ்வி நகரும். தள்ளலின் அதிர்ச்சி குறைந்து ஓட்டம் சீராகும். மான்செஸ்டரில் கார்ட்சைட் என்பவர் இவ்வகைத் தறிகளை ஒரு கட்டடத்தில் நிறைத்து நீர்விசையால் ஓட்டிப் பார்த்தார். ஆனால் நூலறுந்தால் தறி தானே நிற்காது. எனவே தறிக்கு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டியிருந்தது. ஆட்கூலி குறையவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. விசை கிடைத்ததும் பொறி வென்றுவிடுவதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று. நூல் அறுவதை யார் பார்ப்பது, எத்தனை தறியை ஒருவர் கவனிக்க முடியும் என்பவையே இலாபத்தைத் தீர்மானித்தன.

லியோனில் ஜோசப் மாரி ஜக்கார்ட் 1804இல் அமைத்த துளையட்டைப் பொறி கோலத்தை அட்டைக்கு மாற்றியது. அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயரும், இல்லாத இடத்தில் உயராது. ரிப்பன் தறியில் இதன் பயன் பன்மடங்கானது. ஒரு கட்டு அட்டை சட்டத்திலுள்ள எல்லா ரிப்பன்களிலும் ஒரே பூவை ஒரே நேரத்தில் மலர்த்தியது.

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒன்றாக மோதின. நீராவித் தறியை நிறுவிய ஜோசையா பெக்கின் தொழிற்சாலையை 1831 நவம்பரில் நெசவாளர்கள் எரித்தார்கள். பிறகு ஒரு நடுவழி பிறந்தது. வரிசை வீடுகளின் மேல்தளத்தில் தறி. வரிசையின் ஓரத்தில் ஒரு நீராவிப் பொறி. எல்லா மேல்தளங்களையும் ஊடுருவி ஓடும் ஒரே அச்சுத்தண்டு. நெசவாளர் வீட்டை விட்டு இறங்காமலே விசையை வாடகைக்குப் பெற்றார். ரிப்பன் உற்பத்தியாளர்களான கேஷ் சகோதரர்கள் 1857இல் நூறு வீடுகளுக்குத் திட்டமிட்டு நாற்பத்தெட்டே கட்டினார்கள். 1860இன் பிரெஞ்சு வணிக ஒப்பந்தம் இறக்குமதித் தீர்வையை நீக்கியதும் கொவென்ட்ரி சரிந்தது. பிழைத்தவர்கள் ரிப்பனுக்குப் புதுப் பயன் தேடினார்கள். தோமஸ் ஸ்டீவன்ஸ் 1862 முதல் படம் நெய்த புத்தக அடையாளப் பட்டிகளை விற்றார். கேஷ் நிறுவனம் பெயர் நெய்த துணிச்சீட்டுகளுக்கு மாறியது. சட்டையின் கழுத்தில் இன்று தைக்கப்படும் நெய்த லேபிளுக்கு இதுவே முன்னோடி.

4. பாசலிலிருந்து மேலைக் கரைக்கு

பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிறித்தவ அமைப்பான பாசல் மிஷன் இந்தியாவின் மேலைக் கரையில் சமயப் பணியோடு ஓட்டுத் தொழிலையும் நெசவையும் நடத்தியது. மதம் மாறியதால் சாதித் தொழிலை இழந்தவர்களுக்குப் பிழைப்பு தருவது அதன் நோக்கம். மங்களூருக்கு 1851இல் வந்த ஹாலர் என்ற நெசவுத் தேர்ச்சியாளர் பறக்கும் நாடா பூட்டிய ஐரோப்பியத் தறிகளை அங்கே நிறுவினார். கண்ணூரிலும் மிஷனின் நெசவாலை வளர்ந்தது.

இதற்குப் பின்னால் நின்ற பணமும் நிர்வாகமும் கவனத்துக்குரியவை. மிஷனின் கைத்தொழில் குழுவில் முன்னின்ற கார்ல் சரசின், பாசலின் ரிப்பன் உற்பத்தியாளர். ஒடுங்கிய நெசவில் ஈட்டிய செல்வமும் தொழில் நடத்தும் பழக்கமும் அகன்ற துணிக்கான தறியை மலபாருக்கு அனுப்பின.

மேலைக் கரையிலிருந்து பறக்கும் நாடா மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியான அல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவாலை ஒன்றை நிறுவி அதைப் பரப்ப முயன்றார். ஓர் ஆலைக் கூரையின்கீழ் குறித்த நேரத்துக்கு வந்து உட்கார நெசவாளர்கள் விரும்பவில்லை. அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதை இலண்டன் ஏற்காததால் 1910இல் ஆலை மூடப்பட்டது. ஆனால் நாடா பரவியது. வீட்டுத் தறியின் அச்சுப்பலகையில் இரு பெட்டிகளையும் ஒரு கயிற்றையும் பூட்டினால் போதும். குழியையோ வீட்டையோ மாற்றத் தேவையில்லை. 1942இல் கைத்தறி பற்றிய உண்மையறியும் குழு அறிக்கை தந்தபோது மாகாணத்தின் பெரும்பாலான தறிகள் பறக்கும் நாடாத் தறிகளாகிவிட்டிருந்தன.

5. கரையில் நின்றுபோன பொறி

பறக்கும் நாடா தோற்ற இடம் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை.

பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். பச்சை ஊடை கரைக்குள்ளும் ஓடினால் அரக்குப் பாவோடு கலந்து நிறம் மங்கும். கரை அரக்காகவே ஒளிர வேண்டுமானால் அரக்குப் பாவில் அரக்கு ஊடையே ஓட வேண்டும். ஆகவே தறியில் மூன்று நாடாக்கள்: இரு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள், பெரும்பாலும் சிறுவன், உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுப்பான். ஒவ்வோர் இழையிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கியிட்டுத் திரும்பும். அந்தக் கோர்ப்பு ஒரு முறை தவறினால் அவ்விடத்தில் துணி பிளந்துகொள்ளும்.

லெய்டன் தறியோடு இதை ஒப்பிட்டால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. இரண்டிலும் ஒரே அச்சுப்பலகையின்மீது பல நாடாக்கள் அருகருகே, தத்தம் எல்லைக்குள் ஓடித் திரும்புகின்றன. வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. ரிப்பனின் விளிம்பு தனித்து நிற்பது; பக்கத்து ரிப்பனோடு அதற்குத் தொடர்பில்லை. எனவே எல்லா நாடாக்களையும் ஒரே தடி தள்ளலாம். கரையின் விளிம்போ உடலோடு பிணைய வேண்டும். எந்த நாடா முந்துவது, எது காத்திருந்து கோர்த்துத் திரும்புவது என்று ஒவ்வோர் இழையிலும் முடிவு செய்ய வேண்டும். தடிக்கு அந்த முடிவெடுக்கத் தெரியாது. பறக்கும் நாடாவோ முழு அகலத்தையும் ஒரே வீச்சில் கடப்பது, நடுவில் நிற்காது.

சந்தையும் இந்த எல்லையை உறுதிப்படுத்தியது. ஐரோப்பிய ரிப்பன் நீளக்கணக்கில் விற்றது. மலிவே அதன் வெற்றி. காஞ்சிச் சேலையின் விலையில் பெரும்பங்கைக் கரையும் முந்தானையும் சுமந்தன. நெய்வதற்கு அரிதாக இருப்பதே அவற்றின் மதிப்பு. கோலத்துக்கு ஜக்கார்ட் பெட்டியை நெசவாளர்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டதையும் நோக்க வேண்டும். நூலை உயர்த்தும் வேலை பொறிக்குப் போனது. கோர்க்கும் வேலை விரலிடம் தங்கியது. இந்தியாவின் 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவையாக்கியது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பொறிமுறையின் எல்லையைச் சட்டமும் பிற்பாடு அங்கீகரித்தது என்று சொல்லலாம்.

6. நாடா இல்லாத தறி

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரிப்பன் தறி நாடாவையே கைவிட்டது. ஊசித்தறியில் வளைந்த ஊசி ஒன்று ஊடைநூலைக் கண்ணியாகப் பாவுக்குள் கொண்டுபோகும். மறுபக்கத்திலுள்ள கொக்கி ஊசி அதைப் பற்றி முந்திய கண்ணியோடு பின்னிவிடும். ஒரு பக்க விளிம்பு நெய்ததாகவும் மறுபக்க விளிம்பு பின்னியதாகவும் இருப்பதை ஊசித்தறியில் நெய்த இலாஸ்டிக் பட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் காணலாம். ஊடைநூல் சுற்றிய கனமான நாடா போனதால் வேகத்தடை அகன்றது. நிமிடத்துக்கு ஆயிரம் ஊடைக்கு மேல் செலுத்துவது இன்று சாதாரணம்.

இந்தத் தறி இலங்கைக்கு ஆடைக் கைத்தொழிலோடு வந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் ஏற்றுமதி வலயங்கள் அமைந்தன. 1992இல் பிரேமதாச அரசின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. தைப்பது இங்கே நடந்தாலும் இலாஸ்டிக், டேப், லேபிள் எல்லாம் முதலில் வெளியிலிருந்தே வந்தன. ஆடை விலையில் நாட்டில் தங்கும் பங்கைக் கூட்ட அவற்றை உள்ளூரிலேயே நெய்ய வேண்டியிருந்தது. 1990களில் நிறுவப்பட்ட ஸ்ட்ரெட்ச்லைன் இலாஸ்டிக் ஆலை அந்தத் தேவையின் விளைவு. தமிழ்நாட்டில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் இதே காரணத்தால் தன்னைச் சுற்றி டேப், இலாஸ்டிக் ஆலைகளை வளர்த்துக்கொண்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ரிப்பன் தறி விசைத்தறிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியதற்குத் துணியின் அகலமே காரணம். நாடாவைப் பிடியை விடாமல் நகர்த்த ஒடுங்கிய பாவு இடந்தந்தது.

இரண்டாவது, அகலம் மட்டுமே விதியைத் தீர்மானிக்கவில்லை. கோர்வைக் கரையும் ஒடுங்கியதுதான். ஆனால் அதன் விளிம்பு பிணைப்பைக் கேட்டது. தமிழ் நெசவாளர் புதுமைக்குப் பின்வாங்கினார் என்ற பழைய காலனித்துவக் கூற்று இங்கே நிற்காது. பறக்கும் நாடாவையும் ஜக்கார்டையும் அவை உதவிய இடத்தில் எடுத்துக்கொண்டு, உதவாத இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, தறி பயணம் செய்தது கப்பலின் வழியை ஒட்டி அல்ல. தேவையின் வழியை ஒட்டி. துணியை வாங்க வந்த ஒல்லாந்துக் கம்பனிக்குத் தறியைக் கொண்டுவரக் காரணம் இருக்கவில்லை. வேலை தர வேண்டியிருந்த மிஷன் பறக்கும் நாடாவைக் கொண்டுவந்தது. ஏற்றுமதி ஆடைக்கு இலாஸ்டிக் வேண்டியிருந்தபோது ஊசித்தறி வந்தது. கோர்வையை முழுமையாகப் பொறியில் ஏற்றும் முயற்சியும் இதே அளவுகோலில்தான் தீரும். கரை நாடாவை வாங்கிக் கொடுக்கும் துணையாள் கிடைக்காமற் போய், அவருக்கான கூலியைச் சேலையின் விலை தாங்க முடியாத நாளில் அந்தப் பொறிக்கான தேவை தானே பிறக்கும்.