மார்பகப் புற்றுநோய்: அபாயக் காரணிகளின் பரவல்

இளவயதில் ருதுவாதல், மாதவிடாய் தாமதமாக நிற்றல், மகப்பேறின்மை அல்லது முப்பது வயதுக்குமேல் முதற் பிரசவம், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் கண்டிருத்தல், உடற்பருமன், மதுபானம் ஆகியவை மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பை மிகுவிக்கும் பிரசித்தமான காரணிகளாம். ஆயினும், பெண்ணாயிருத்தலும் வயதேறுதலும் ஒழிய வேறு குறிப்பான காரணி இல்லாதவர்களே நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பரம்பரையாக வந்த மரபணுக் கோளாறால் விளைவதோ 5 முதல் 10 சதவீதமே.

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அயரா முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் பேணிவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், 1980களில் பெண்களிடையே முதலிடம் வகித்த கருப்பைவாய்ப் புற்று பின்னிறங்க, மார்பகப் புற்று முன்னேறிற்று. தாமத விவாகமும் குறைந்த பிரசவங்களும் இதற்கு ஏதுக்களிற் சில. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று, நெடுநாள் தாய்ப்பால் கொடுத்தோருள் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இந்நோய் அருகியிருத்தலைக் கண்டது.

நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறிப்பான காரணி ஏதும் இல்லையாதலின், "எங்கள் குடும்பத்தில் எவருக்குமில்லை" என்று மயிலாப்பூரிலோ தியாகராயநகரிலோ ஒரு பெண் ஆறுதல் கொள்வது தகாது. வலியற்ற கட்டி, தோற்சுருக்கம், காம்பில் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்படினும் தாமதமின்றி வைத்தியரை நாடுதல் அவசியம்.