சாம்புவனின் முன்கதை

எமரால்டில் கூடியிருக்கும் நம்மில் சிலருடைய பாட்டன் பாட்டிகள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றப்பட்டு, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள். நிலம் எதுவும் அவர்கள் கொண்டுவரவில்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்று கூத்துகளைக் கொண்டுவந்தார்கள்.

பொன்னர் சங்கர், கீழே கொங்குச் சீமையில் அண்ணன்மார் கதை. அதில் அண்ணன்மாருக்குத் துணையாகப் போர் செய்பவன் சாம்புவன். பறையர் குலத்தவன் என்கின்றன பல வழக்குகள். நாயகர்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே கதை உண்டு. குன்னுடையான் பட்ட பாடும் தாமரை செய்த தவமும் இரவிரவாகப் பாடப்படும். சாம்புவனைப் பெற்றவள் யார்? அண்ணன்மாரிடம் வந்து சேரும்முன் என்ன செய்துகொண்டிருந்தான்? நாம் கேட்ட பாடங்களில் அவன் பிறப்பதில்லை, நேரே வேலைக்கு வந்துவிடுகிறான். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இக்கதையைப் பதிவு செய்தார். பின்னாளில் அது அசைபடமாகவும் சித்திரக் கதையாகவும் வந்தது. அங்கேயும் அவன் துணைவன்தான்.

மாணவர்கள் படிக்கும் ஜப்பானிய மங்காவில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. மூலக்கதையில் பக்கத்தில் நின்ற வீரனுக்குத் தனி நூலே போடுகிறார்கள். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ கதையின் லீவாய் பெரும் போர்வீரன். 2013இல் தொடங்கிய கிளைக்கதை, அவன் வெயில் படாத நிலத்தடி நகரில் திருடிப் பிழைத்த காலத்தைச் சொன்னது. அவனுடைய வீரம் எந்தப் பசியிலிருந்து வந்தது என்று வாசகருக்கு அப்போதுதான் தெரிகிறது. (வியாபாரமும்தான், மறுக்கவில்லை.)

நம்மிடம் இந்த வேலை வியாபாரமாக நடக்கவில்லை, அடிதடியில் நடந்தது. கட்டபொம்மன் கதையில் துணைவீரராக நின்ற கவர்னகிரி சுந்தரலிங்கத்தின் பெயரில் 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. ராஜாவின் கதைக்குள் உயிர்விடும்வரை அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. தன் பெயரில் தனியே தெருவுக்கு வந்ததுதான் குற்றமாயிற்று.

அதன் பிறகு ஒண்டிவீரனுக்கு 2022இல் அஞ்சல்தலை வந்தது. வடக்கே ஜல்காரிபாய்க்கு 2001லேயே வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் நம் துண்டறிக்கைகளையும் மேடைப் பேச்சுகளையும் எடுத்துப் பாருங்கள்: சுந்தரலிங்கம் பாளையக்காரருக்காகச் செத்தார், குயிலி நாச்சியாருக்காக எரிந்தார், ஜல்காரி ராணியின் வேடமிட்டுப் படைக்கு முன் நின்றார். விசுவாசத்துக்கு நாமே சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் யாருடைய வயலில் உழைத்தார்கள், என்ன கூலி, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஆயுதப் பயிற்சி எப்படிக் கிடைத்தது, போருக்குப் பின் அவர்கள் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்ததா என்ற கேள்விகளை நாம் போதுமான அளவு எழுப்பவில்லை. மரணத்தைப் பாடுவது எளிது; முன்கதைக்கு ஆவணமும் வேண்டும், வாய்மொழியும் வேண்டும். வாய்மொழி எங்கே முடிகிறது, நம் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எதிரிகள் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

லைன் வீடுகளில் சாம்புவன் வேடம் கட்டியவர்கள், அந்தக் கூத்துக்குப் பறையடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; பலருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வேடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்தச் சாதிக்கு மறுக்கப்பட்டது, சாம்புவன் வாயில் அவர்களே சேர்த்துப் பேசிய வசனங்கள் எவை என்று கேட்டுப் பதிவு செய்ய, இந்தக் கோடை விடுமுறையில் மாணவர்கள் வரவேண்டும்.