கடலில் விழும் கூடு



தேயிலைப் பெட்டிக்குள் ஏன் உலோகத்தாள் ஒட்டினார்கள் என்று எங்கள் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: கப்பலில் ஈரம் ஏறினால் தூள் பாழ். பரசூட்டில் இறங்கிக் கடலில் விழும் விண்கலத்துக்கும் இதே கவலைதான். அங்கே உள்ளே இருப்பது மனிதன்.

1961 ஜூலை 21. அமெரிக்க வீரர் கஸ் கிரிசம் விண்வெளியைத் தொட்டுவிட்டு, 15 நிமிடத்தில் அத்திலாந்திக் கடலில் நல்லபடியாக இறங்கினார். கலம் மிதந்தது. ஹெலிகொப்டர் தூக்குவதற்கு முன்பே கதவு வெடித்துத் திறந்துகொண்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அவர் குதித்துத் தப்பினார், ஆனால் உடைக்குள்ளும் நீர் ஏறி மூழ்கப் பார்த்தார். நீர் நிறைந்த கலத்தை ஹெலிகொப்டரால் தூக்க முடியவில்லை. லிபர்ட்டி பெல் 7 என்ற அந்தக் கலம் 1999இல்தான் கடலடியிலிருந்து மேலே வந்தது.

நமக்குப் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 2007 ஜனவரி 22 அன்று இந்தியாவின் எஸ்.ஆர்.ஈ-1 வங்கக் கடலில் விழுந்தது. 550 கிலோ எடை, 12 நாள் பூமியைச் சுற்றிய கலம். பரசூட் விரிந்த பிறகும் செக்கனுக்கு 12 மீற்றர் வேகம். நேர் ரோட்டில் ஹட்டன் பஸ் ஓடும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் கடல் மெத்தையல்ல, சீமெந்துத் தரை. அடிபட்டும் அது மூழ்கவில்லை. மிதவை தாங்கியது, கரையோரக் காவற்படை மீட்டது.

2014 டிசெம்பர் 18இல் மனிதர் அமரும் அளவுக் கூடு, ஆளில்லாமல், 126 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அந்தமான் கடலில் இறங்கியது. அதன் பெரிய பரசூட்டின் விட்டம் மட்டும் 31 மீற்றர்!

கசிவை எப்படிப் பரீட்சிப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். டயர் கடையில் டியூபுக்குக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்க்கிறார்களே, அடிப்படை அதுதான். கலத்துக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

நீர் புகாவிட்டாலும் தொல்லை தீராது. 2023 ஒக்டோபர் 21 பரிசோதனையில் கூடு கடலில் தலைகீழாக மிதந்தது. 1969இல் அப்பலோ 11உம் இப்படித்தான் கவிழ்ந்தது. தலைகீழானால் அன்டெனா நீருக்குள் போய்விடும், பேச்சு நின்றுவிடும். அப்போது காற்றுப் பைகள் ஊதி அதை நிமிர்த்தின. இந்தியாவின் ககன்யான் கலத்துக்கும் அப்படி நிமிர்த்தும் பைகள் உண்டு.

அந்தக் கூட்டில் ஏறத் தெரிவான நால்வரில் ஒருவர் அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர்.