ஓடினால் போதாது, சொல்லவும் வேணும்

காலமை எழும்பி ஃபோனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சிநேகிதர் யாரோ ஒருவரின் ஓட்டம்தான். ஒரு வரைபடம், அதில் செம்மஞ்சள் கோடு, கீழே தூரமும் நேரமும். மேலே ஒரு வசனம்: "இண்டைக்குச் சும்மா லேசா 10 கிலோமீற்றர்." அந்தச் "சும்மா"வையும் "லேசா"வையும் கவனியுங்கோ. இன்னொருவர், "நித்திரையும் இல்லை, காலும் நோ, எப்படியோ இதுவரை ஓடினதில வேகமான 5 கிலோமீற்றர் வந்திட்டுது" என்று கவலைப்படுவார். மூன்றாமவர் விடியற்கால வானத்தைத்தான் படம் எடுத்திருப்பார். ஆனால் கையும் கையிலிருக்கிற மணிக்கூடும் தற்செயலாக அதற்குள் வந்துவிடும். நேரம் பிந்தியிருந்தால் வெயில், மேடு, துரத்தின நாய் எல்லாம் பதிவில் இருக்கும். முந்தியிருந்தால் நாயைப் பற்றிக் கதையே இல்லை.

சிரிக்கலாம், நானும் சிரிக்கிறனான். ஆனால் இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வருத்தம் என்று பழியை ஃபோனின் தலையில் போட்டால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. ஓடினவர் தன் ஓட்டத்தைத் தானே சொல்லித் திரிவது இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலான பழக்கம்.

கி.மு. 328இல் ஒலிம்பியாவில் நீண்டதூர ஓட்டத்தை வென்றவர் ஆர்கோஸ் நகரத்து ஏஜியஸ். பழைய வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயரோடு ஒரு குறிப்பும் இருக்கிறது: வென்ற அன்றைக்கே ஊருக்கு ஓடிப்போய், தன் வெற்றியைத் தானே அறிவித்தார். ஒலிம்பியாவில் இருந்து ஆர்கோஸ் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், இடையில் மலைகள். போட்டி ஓட்டமோ ஐந்து கிலோமீற்றரும் வராது. அதாவது, ஓடினதைச் சொல்லுறதுக்கு ஓடின தூரம் அதைப்போல இருபது மடங்கு! பட்டியலில் எத்தனையோ பேர் வெறும் பெயராக இருக்க, ஏஜியஸ் கதையாக நிலைத்தது இந்த இரண்டாவது ஓட்டத்தால்தான்.

சொன்னால் மட்டும் சனம் நம்புமா? அதற்கு இங்கிலாந்தின் கனவான்கள் கண்டுபிடித்த வழி காசு. வாய்ப்பேச்சுக்குப் பந்தயம் கட்டினால், தோற்கப்போகிறவரே கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். 1809இல் நியூமார்க்கெற்றில் கப்டன் பார்க்ளே என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1000 கினிப் பந்தயத்துக்காக, 1000 மணித்தியாலத்தில் 1000 மைல் நடந்தார். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஒரு மைல் நடக்கவேண்டும், இரவும்தான். ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 12இல் முடித்தார். ஒரு மணித்தியாலத்தின் கடைசியில் ஒரு மைல், அடுத்ததின் தொடக்கத்தில் ஒரு மைல் என்று சேர்த்து நடந்து, இடையில் கொஞ்ச நேரம் நித்திரை கொண்டார். பார்க்கச் சனம் திரண்டது. ஓட்டம் இல்லை, நடைதான். என்றாலும், "நான் செய்தேன்" என்ற பேச்சுக்குச் சாட்சியும் மணிக்கூடும் கட்டாயமானது இந்த மாதிரிப் பந்தயங்களில்தான்.

பிறகு மரதன் வந்தது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடங்கிய இந்தப் போட்டியில், பார்வையாளர்கள் காண்பது தொடக்கத்தையும் முடிவையும்தான். நடுவில் நாற்பது கிலோமீற்றர் ஓடினவரின் மனச்சாட்சியோடு கிடக்கும். 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக்கில் பிரெட் லோர்ஸ் களைத்துப்போய்க் காரில் ஏறினார். ஏறக்குறைய 11 மைல் காரில் வந்தார். கார் பழுதாக, இறங்கி ஓடி மைதானத்துக்குள் முதலாவதாக நுழைந்தார். சனம் கைதட்டியது. உண்மை வெளிவந்ததும், பகிடிக்குச் செய்தேன் என்றார். அடுத்த வருடம் பொஸ்டன் மரதனை அவர் ஒழுங்காகவே ஓடி வென்றார் என்பதுதான் இதில் பெரிய பகிடி.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அதே பொஸ்டனில் நடந்த வேறு இரண்டு கதைகளில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

1980 ஏப்ரலில் பொஸ்டன் மரதனின் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தவர் ரோசி ரூயிஸ். நேரம் 2 மணி 31 நிமிடம் 56 செக்கன். பெரிதாக வியர்வையும் இல்லை. பயிற்சி பற்றிக் கேட்டபோது, ஓட்டக்காரர் யாருக்கும் தெரிந்த அடிப்படைச் சொல்லே அவருக்கு விளங்கவில்லை. முடிவுக்கு ஒரு மைலும் இல்லாத இடத்தில் அவர் சனத்துக்குள் இருந்து வெளிவந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்கு முந்திய நியூயோர்க் மரதனில் அவரைச் சுரங்க ரயிலில் சந்தித்ததாக ஒரு பெண்ணும் சொன்னார். பட்டம் பறிக்கப்பட்டது. ரூயிஸ் 2019இல் இறக்கும் வரை பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவே இல்லை.

உண்மையில் வென்றவர் கனடாவின் ஜக்லின் காரோ. விசாரணை முடிந்து அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் முடிவுக்கோட்டில் முதலாவதாக வருகிறவருக்குச் சனம் போடுகிற சத்தம் இன்னொருவருக்குப் போய்விட்டது. அதை எந்தக் குழுவாலும் திருப்பிக் கொடுக்கேலாது. புளுகு இன்னொருவரின் இடத்தில் போய் உட்கார்ந்தால் அது களவு.

மற்றக் கதை அதற்குப் பதினாலு வருடம் முந்தியது. 1966இல் பொபி கிப் என்ற இளம் பெண் பொஸ்டனில் ஓட விண்ணப்பித்தார். அவ்வளவு தூரம் ஓடப் பெண்ணின் உடம்புக்குச் சக்தி இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது. போட்டியன்று தொடக்கக்கோட்டுக்குப் பக்கத்துப் பற்றைக்குள் ஒளிந்திருந்து, ஆண்கள் கொஞ்சப் பேர் கடந்ததும் உள்ளே புகுந்தார். நெஞ்சில் இலக்கம் இல்லை. 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அடுத்த இரண்டு வருடமும் ஓடினார். பெண்கள் பொஸ்டனில் முறைப்படி ஓட அனுமதி கிடைத்தது 1972இல். கிப்பின் மூன்று வெற்றிகளையும் போட்டிச் சங்கம் ஏற்றுக்கொண்டது 1996இல். முதல் ஓட்டம் ஓடி முப்பது வருடத்துக்குப் பிறகு!

ஓடாத பெண்ணுக்கு அன்றைக்கே கிரீடம். ஓடின பெண்ணுக்கு முப்பது வருடம் பதிவு இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, "ஓடினால் ஓடிவிட்டு இருக்கவேண்டியதுதானே, ஏன் சொல்லவேணும்?" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கிப் ஓடினதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால், பெண்ணால் ஏலாது என்ற கடிதம்தான் உண்மையாக நின்றிருக்கும்.

இப்போது சாட்சி வேலையை ஜிபிஎஸ் பார்க்கிறது. 2009இல் தொடங்கிய ஸ்ட்ராவா, ஓடுகிறவரின் ஒவ்வொரு அடியையும் எழுதிவைக்கிறது. இனிப் புளுக முடியாது என்றுதான் நினைப்போம். 2012இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர் போல் ரையன், தான் மூன்று மணிக்குள் மரதன் ஓடியதாக வானொலியில் சொன்னார். ஓட்டத்துக்கான சஞ்சிகை ஒன்று பழைய பதிவைத் தோண்டியது. 1990இல் ஓடியது, நாலு மணிக்குக் கொஞ்சம் மேல். பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றார் ரையன்.

பதிவு சில வேளை தேவைக்கு மேலும் பேசும். 2017 கடைசியில் ஸ்ட்ராவா உலகத்து ஓட்டங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் வெளியிட்டது. சில மாதத்தில், இருபது வயது அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதில் ஒன்றைக் கவனித்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களின் இருட்டுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் மின்னின. முகாமைச் சுற்றி ஓடின படைவீரர்கள் முகாமின் இடத்தையே உலகத்துக்குக் காட்டியிருந்தார்கள்.

புளுகும் சாகவில்லை. 2024இல் இந்தோனேசியாவில் இளைஞர்கள் காசுக்கு மற்றவரின் கணக்கில் ஓடிக் கொடுத்தார்கள். காசு கொடுத்தவர் வீட்டில் படுத்திருக்க, அவர் பெயரில் 10 கிலோமீற்றர் ஏறும். வியர்வை ஒருவருக்கு, லைக் இன்னொருவருக்கு. ஜிபிஎஸ் ஓட்டத்தைக் கண்டது, ஓடினவரைக் காணவில்லை.

யாழ்ப்பாணப் பேச்சில் "புளுகு" என்றால் பொய்யும் பெருமையும் கலந்த கதை. "புளுகம்" என்றால் சந்தோசம். ஒருவருக்குப் புளுகம் தாங்கேலாமல் வரும்போது வாயில் கொஞ்சம் புளுகும் சேர்ந்துதான் வரும். ஏஜியஸ் மலை ஏறி ஓடியதும் அந்தப் புளுகத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நாளைக்குக் காலமை "சும்மா லேசா 10" என்று யாராவது போட்டால் சிரித்துவிட்டு ஒரு லைக்கும் போடுங்கோ. ஒன்றை மட்டும் கேளுங்கோ: ஓடினது நீங்கள்தானே?