கடைசிப் பத்து நிமிடத்தில் பிறந்த பாட்டு

1974இல் லண்டனில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் வாத்தியக்காரர்களை மூன்று மணி நேரத்துக்குப் பேசி அழைப்பார்கள். அது அவர்கள் சங்கத்தின் கணக்கு. மூன்று மணிக்கு ஒரு சம்பளம், தாண்டினால் கூடுதல் பணம். கையில் காசு குறைவாக இருக்கும் தயாரிப்பாளருக்கு ஒரு கண் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். பெங்களூரில் பிறந்து லண்டனில் பிழைத்துக்கொண்டிருந்த பிட்டு அப்பையா அப்போது அந்த ரகம்.

அன்று அவர் பதிவு செய்யப் போனது 'ஐ வான்ட் டு கிவ் யூ மை எவ்ரிதிங்' என்ற காதல் பாட்டை. எழுதியவர் லாரி வைஸ் என்ற அமெரிக்கர், பாட வந்தவர் கார்ல் டக்ளஸ். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அந்த ஒரு பாட்டே தின்றுவிட்டது. ஆனால் இசைத்தட்டு என்றால் இரண்டு பக்கம் உண்டே, மறுபக்கத்துக்கு என்ன செய்வது?

45 சுற்று, ஏழு அங்குலத் தட்டின் பொருளாதாரம் இந்த இடத்தில் கொஞ்சம் தெரிய வேண்டும். ஏ பக்கம்தான் வானொலிக்குப் போகும், விளம்பரமாகும், கடையில் பெயர் சொல்லிக் கேட்கப்படும். பி பக்கத்தைக் காலியாக விட முடியாது என்பதற்காக அங்கே ஏதாவது ஒன்று போட்டு நிரப்புவார்கள். ஆனால் தட்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாட்டை எழுதியவர்களுக்கும் உரிமைத்தொகை ஒன்றுதான். மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் ஒரே சீர் என்பது போன்ற ஏற்பாடு. அதனாலேயே பி பக்கத்துக்கு வெளியாரிடம் பாட்டு வாங்காமல், அறைக்குள் இருப்பவர்களிடமே சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பிட்டுவும் டக்ளஸிடம் அதைத்தான் கேட்டார்: நீ எழுதியது ஏதாவது கையில் இருக்கிறதா?

இருந்தது. டக்ளஸ் காட்டியவற்றில் ஒன்றின் தலைப்பு 'குங்ஃபூ ஃபைட்டிங்'.

பிட்டு அந்த அறைக்கு வந்து சேர்ந்ததே ஒரு தனிக் கதை. குடகுக் குடும்பம், பெங்களூர் வளர்ப்பு. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் வந்த மேற்கத்தியப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு இசைப் பைத்தியம் பிடித்தவர். இலங்கை வானொலி தமிழ்ப் பாட்டு ரசிகர்களை வளர்த்த கதை நமக்குத் தெரியும். லண்டன் டிஸ்கோ ஒன்றுக்கு விதை போட்டதும் அதே நிலையம்தான். 'ட்ரோஜன்ஸ்' என்ற குழுவில் கிதாரோடு சேர்ந்து பெங்களூர், கல்கத்தா, பம்பாய் கிளப்புகளில் பாடினார். 1967இல், கையில் பெரிதாகப் பணமில்லாமல், மேற்கு ஆசியா வழியாகக் கிடைத்த வண்டியில் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே ஹாம்பர்கர் சுட்டார். சேர்த்த காசில் ஸ்டுடியோ நேரம் வாங்கினார். 1969இல் 'டைகர்ஸ்' என்ற ஜப்பானியக் குழுவுக்காக, பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதிய ஒரு பாட்டைத் தயாரிக்க, அது ஜப்பானில் நன்றாக ஓடியது. பெங்களூர்க்காரர் லண்டனில் உட்கார்ந்து டோக்கியோவில் ஜெயித்திருக்கிறார். ஆனால் பிரிட்டனில் அவரை யாருக்கும் தெரியாது.

கார்ல் டக்ளஸ் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1972இல் 'எம்பசி' என்ற படத்துக்கு பிட்டு இசையமைத்தபோது முகப்புப் பாட்டைப் பாடியவர் இவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் மறுபடியும் அழைப்பு வந்தது.

குங்ஃபூ எப்படிப் பாட்டுக்குள் நுழைந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 1973இல் ஹாங்காங் சண்டைப் படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளில் வெள்ளமாக இறங்கின. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று ப்ரூஸ் லீ 32 வயதில் இறந்தார். அவர் இறந்த பிறகு வெளியான 'என்டர் தி டிராகன்' அவரை உலகத்துக்கே தெய்வமாக்கியது. தொலைக்காட்சியில் டேவிட் கராடைன் வேறு வாரா வாரம் குங்ஃபூ செய்துகொண்டிருந்தார். பையன்கள் தெருவில் ஒருவரையொருவர் எட்டி உதைத்து விளையாடினார்கள். லண்டனில் அப்படி விளையாடிய இரண்டு பேரைப் பார்த்ததில்தான் வரி பிறந்தது என்று டக்ளஸ் பின்னாளில் சொன்னார். நம்பலாம். அந்த ஆண்டுகளில் எந்த ஊரிலும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான்.

பிட்டு மெட்டுப் போட்டார். பதிவுக்கு மிச்சமிருந்தது சுமார் பத்து நிமிடம். இரண்டே டேக். பி பக்கம்தானே, எவன் கேட்கப் போகிறான் என்ற நினைப்பில், 'ஹூ', 'ஹா' என்ற உறுமலையும் வெட்டுச் சத்தத்தையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அள்ளிப் போட்டதாக அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஏ பக்கமாக இருந்திருந்தால் அந்த உறுமல்களில் பாதியை நிறுவனம் வெட்டியிருக்கும், மீதியை அவரே வெட்டியிருப்பார். பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. உறுமலை எடுத்துவிட்டால் எஞ்சுவது சுமாரான ஒரு ஆட்டப் பாட்டு.

பாட்டில் இன்னொரு சரக்கும் உண்டு: காதில் விழுந்த உடனே 'சீனா' என்று சொல்லவைக்கும் ஒன்பது ஸ்வரத் துணுக்கு. அதற்கும் சீனாவுக்கும் சம்பந்தமே கிடையாது. 1847இல் அமெரிக்காவில் அலாவுதீன் கதையை ஒட்டி அச்சான ஒரு நடனத் துண்டிலேயே அதன் ஜாடை இருக்கிறது. மேற்கத்திய நாடக மேடையும் பிறகு சினிமாவும் 'கிழக்கு வருகிறது' என்று அறிவிப்பதற்காக வைத்திருந்த வசதி அது. 1980இல் 'வேப்பர்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழு ஜப்பானைப் பற்றிப் பாடியபோதும் கூசாமல் அதே ஜாடையை எடுத்துக்கொண்டது. (அந்தக் குழுவுக்கும் அமெரிக்காவில் அந்த ஒரு பாட்டோடு கதை முடிந்தது.) ஜமைக்காக்காரரும் பெங்களூர்க்காரரும் சேர்ந்து, அமெரிக்க மேடையில் உருவான 'சீன' இசையை வைத்து, ஹாங்காங் படத்தைப் பற்றி லண்டனில் ஒரு பாட்டுச் செய்தார்கள். இன்று கேட்டால் கொஞ்சம் நெளியத்தான் செய்கிறது. 2011இல் ஐல் ஆஃப் வைட் தீவில் ஒரு மதுக்கடையில் இதைப் பாடியவர் மேல் இனவெறிப் புகார் வந்து, போலீஸ் கைது செய்து விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று.

பதிவான நாடாவை 'பை ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்தில் ராபின் பிளான்ச்ஃபிளவர் கேட்டார். காதல் பாட்டைக் கேட்டார், மறுபக்கத்தையும் கேட்டார், தட்டைத் திருப்புங்கள் என்றுவிட்டார். கடைக்கு வந்த தட்டில் 'குங்ஃபூ ஃபைட்டிங்' ஏ பக்கத்தில் இருந்தது, மறுபக்கத்தில் 'கேம்ப்ளின் மேன்' என்று வேறொரு பாட்டு. மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கிய காதல் பாட்டுக்கு அந்தத் தட்டில் இடமே இல்லை. லாரி வைஸுக்காக வருந்த வேண்டாம். அவர் எழுதிய 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' அடுத்த ஆண்டே க்ளென் கேம்பெல் குரலில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது.

வெளியான முதல் சில வாரங்கள் வானொலி இந்தப் பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டக் கிளப்புகளில் தட்டு போடுபவர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள். இங்கேதான் பிரிட்டிஷ் பட்டியலின் இயல்பு கைகொடுத்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல் விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்து எண்ணும். பிரிட்டனில் அப்போது கடை விற்பனை மட்டுமே கணக்கு. சனிக்கிழமை இரவு ஆடியவர்கள் திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்தத் தட்டைக் கேட்டால் போதும், வானொலியின் தயவு தேவையில்லை. 1974 ஆகஸ்ட் 17 அன்று 42ஆம் இடத்தில் நுழைந்த பாட்டு செப்டம்பர் 21 அன்று ஆஸ்மண்ட்ஸ் குழுவை இறக்கிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது. மூன்று வாரம் அசையவில்லை. டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம், இரண்டு வாரம். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் தட்டு விற்றதாக வழக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கோடைகாலத்தில்தான் 'ராக் த போட்', 'ராக் யுவர் பேபி' இரண்டும் அமெரிக்க முதலிடத்துக்கு வந்து, டிஸ்கோ என்ற சொல் கிளப் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தது. சரியான நேரத்தில் சரியான கதவு திறந்திருந்தது.

அடுத்து என்ன? எல்லோரும் செய்கிற காரியத்தையே இவர்களும் செய்தார்கள். 'டான்ஸ் த குங்ஃபூ' என்று இன்னொரு பாட்டு. பிரிட்டனில் 35, அமெரிக்காவில் 48. இந்த முறை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம் கிடையாது. நிறுவனம், பத்திரிகை, வானொலி எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே அலட்சியமாக இருக்க யாராலும் முடியாது. ஒற்றைப் பாட்டோடு நின்றவர்களைத் திறமை தீர்ந்துபோனவர்கள் என்று பேசுவது எனக்கு அதனால்தான் ஒப்புவதில்லை. அவர்களில் பலருக்கு முதல் பாட்டு விபத்து, இரண்டாவது பாட்டு திட்டம்.

இதற்கு இன்னும் சுத்தமான உதாரணம் 1969இல் நடந்தது. நியூயார்க்கில் பால் லேகாவும் நண்பர்களும் ஒரு பி பக்கத்தை வேண்டுமென்றே மட்டமாகச் செய்ய உட்கார்ந்தார்கள். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு ஏ பக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதாம். சொல் போதாத இடத்தில் வெறும் 'நா நா'. நிறுவனத்துக்கு அதுதான் பிடித்தது. 'ஸ்டீம்' என்று இல்லாத ஒரு குழுவின் பெயரை ஒட்டி வெளியிட்டார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். இன்றும் அங்கே விளையாட்டு அரங்குகளில் தோற்கும் அணியை வழியனுப்பக் கூட்டம் பாடுவது அந்த 'நா நா'வைத்தான். குழுவே இல்லாதபோது இரண்டாவது வெற்றி எங்கிருந்து வரும்?

ஒன் ஹிட் ஒண்டர் என்று யாரைச் சொல்வது என்பதிலும் இரு நாட்டுக்கும் வழக்கு உண்டு. அமெரிக்காவில் முதல் 40 இடங்களுக்குள் ஒரே ஒருமுறை வந்திருந்தால் போதும். கின்னஸ் பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்த பிரிட்டிஷ்காரர்கள் கறாரானவர்கள்: முதலிடம் ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் பட்டியலில் எதுவுமே இருக்கக் கூடாது. அந்த விதிப்படி நெப்ராஸ்காவின் ஸேகர், எவன்ஸ் இருவரும்தான் அசல். 2525ஆம் ஆண்டைப் பற்றிய பாட்டு 1969இல் இரு நாட்டிலும் முதலிடம், பிறகு இரண்டு பட்டியலிலும் சூன்யம். அமெரிக்காவில் ஆறு வாரம் உச்சியில் இருந்தது. மனிதன் நிலவில் கால் வைத்ததும் அந்த ஆறு வாரத்துக்குள்தான். டக்ளஸ் அமெரிக்க விதியில் தேறுவார், பிரிட்டிஷ் விதியில் தேறமாட்டார். 1977இல் 'ரன் பேக்' என்ற பாட்டும் அங்கே 25ஆம் இடம் வரை போயிருக்கிறது.

இந்த விதிகள் எல்லாமே தட்டின் உறையில் இருக்கும் முகத்தை மட்டும்தான் எண்ணுகின்றன. பின்னால் நின்றவரை எண்ணினால் கதை தலைகீழ். பாட்டை எழுதியவர் என்று தட்டில் அச்சானது டக்ளஸின் பெயர். மெட்டுப் போட்ட பிட்டுவோ தயாரிப்பாளர் வரிசையில் நின்றார், நின்றபடியே மேலே போனார். 1976இல் டீனா சார்ல்ஸ் பாடிய 'ஐ லவ் டு லவ்' மூலம் மறுபடியும் பிரிட்டிஷ் முதலிடம். டீனாவின் மேடைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த ட்ரெவர் ஹார்ன், பிட்டு வேலை செய்யும் விதத்தைக் கூடவே இருந்து பார்த்தவர். 1979இல் அவரே 'பகிள்ஸ்' என்ற பெயரில் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்' கொண்டுவந்தார். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் தட்டுத் தடுமாறி 40. அங்கே அவர்களும் ஒற்றைப் பாட்டுக்காரர்கள்தான். ஆனால் 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியபோது முதலில் ஓட்டிய படம் அந்தப் பாட்டுடையது.

பிட்டு இந்தியப் பக்கம் திரும்பியதும் லண்டனில் இருந்தபடியேதான். ஃபெரோஸ் கான் கேட்டுக்கொள்ள, 15 வயது நாஸியா ஹசனை வைத்து அவர் செய்த 'ஆப் ஜைசா கோயி' 1980இல் 'குர்பானி' படத்தில் வந்தது. இந்தி தெரியாத ஊர்களிலும் அந்தத் தாளம் தெரிந்திருந்தது. 1995இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா'வும் அவருடையதே. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு, 'குங்ஃபூ பாண்டா'வில் ஜாக் பிளாக்கும் சீலோ க்ரீனும் பாடும் பாட்டும் இதே மனிதரின் கை என்று தெரியும்?

டக்ளஸின் இரண்டாவது பெரிய வெற்றியும் வந்தது, 24 ஆண்டு கழித்து. 1998இல் 'பஸ் ஸ்டாப்' என்ற குழு வெளியிட்ட தட்டில் அவர் பெயரும் சேர்ந்திருக்க, பிரிட்டனில் எட்டாம் இடம் வரை ஏறியது. பாட்டு 'குங்ஃபூ ஃபைட்டிங்'தான்.