கோட்டுக்கு வெளியே நின்ற காய்ச்சல்

கிள்ளான் என்றால் இன்று துறைமுகமும் லிட்டில் இந்தியாவும் சாலை நெரிசலும் நினைவுக்கு வரும். 1901இல் இது சுமார் 3,500 பேர் வாழ்ந்த சின்ன ஊர். சுற்றிலும் சதுப்பு, புதர். அந்த ஆண்டு ஜனவரியில் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். செப்டம்பரில் புதிய துறைமுகம் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற அதன் பழைய பெயர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டே மாதத்தில் மலேரியா அங்கிருந்தவர்களைப் படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல்தான். வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நம்பிக் காரியத்தில் இறங்கினார். புதரை அழித்து, வாய்க்கால் வெட்டி, சதுப்பை வடியவைத்தார்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க, மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை அவர்கள் வாழ்ந்த இடவாரியாகப் பிரித்துக் கணக்கெடுத்தார். 1901இல் கிள்ளான் நகரிலிருந்து 334 பேர், 1905இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து 188 பேர், பிறகு ஒருவர்கூட இல்லை. மாவட்டத்தின் மற்ற இடங்களிலிருந்து வந்தவர்களோ 197இலிருந்து 353 ஆக உயர்ந்தார்கள்.

இந்த மூன்றாவது கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. நகரில் காய்ச்சல் குறைந்தது தற்செயல் அல்ல, வாய்க்கால் வெட்டியதன் பலன். வாய்க்கால் எட்டாத இடத்தில் காய்ச்சல் அப்படியே இருந்தது. அப்போது சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே லயங்களில் குடியிருந்தவர்களில் நம் தமிழர்களே அதிகம்.

வாட்சன் தோட்டங்களுக்கும் போனார். மலேரியா கண்டால் மண்ணீரல் வீங்கும். அதனால் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எந்த லயத்தில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று குறித்துக்கொண்டார். தாழ்வான நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடியவைத்ததும் நோய் குறைந்தது. மேட்டு நிலத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பியது வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். காட்டை வெட்ட வெட்ட அதற்கு வசதியே கூடியது. பிறகு ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இன்று நமக்குத் தொல்லை டெங்கி. மலேசியாவிலேயே சிலாங்கூரில்தான் அதிகம். நோயாளியின் வீட்டு முகவரியை வைத்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள், அந்த வட்டாரத்தில் புகை அடிக்கிறார்கள். ஆனால் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பள்ளிக்கூடத்திலோ, வேலையிடத்திலோ, பாதியில் நிற்கும் கட்டடத்திலோ கடித்திருக்கலாம். ஆகவே வீட்டில் யாருக்காவது டெங்கி வந்தால், முகவரியோடு நிறுத்தாமல், முந்தைய இரண்டு வாரம் பகலில் எங்கெல்லாம் இருந்தார் என்பதையும் சுகாதாரத் துறையினரிடம் சொல்லுங்கள்.